குறைந்த விலையில் பழைய அனலாக் பாலி சிந்த்: சென்னைக்காரர்கள் கேட்டவை

இந்தச் சுற்றுக்கு வந்த கேள்விகள் அநேகமாக 1981 முதல் 1986 வரை வெளிவந்த, இன்னும் கைக்கு எட்டும் விலையில் அகப்படுகிற ரோலண்ட், கோர்க் கம்பெனிகளின் பாலிஃபோனிக் (ஒரே நேரத்தில் பல சுரம் பேசும்) அனலாக் சிந்தசைசர்களை, அதாவது மின்சுற்றிலேயே சத்தத்தை உருவாக்கும் கீபோர்டுகளைப் பற்றியவை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்த இடத்தில் பதிலைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (வடபழனி): சார், ரோலண்ட் ஜூனோ-106 விலை எங்கேயோ போயிடுச்சு. அந்தச் சாயல் சத்தம் வேணும், காசு கம்மியா ஆகணும். எதைத் தேடட்டும்?

பதில்: அதே ரோலண்டின் ஆல்ஃபா ஜூனோவைத் தேடுங்கள். அதிலும் கீபோர்டு இல்லாத ரேக் வடிவமான எம்கேஎஸ்-50 கண்ணில் பட்டால் அதையே எடுங்கள். ஆறு வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஆறு சுரம்), வாய்ஸுக்கு ஒரு டிசிஓ (அலையை உருவாக்கும் பகுதி, விவரம் கீழே), அனலாக் ஃபில்டர் (சத்தத்தின் பளிச்சைக் கூட்டிக் குறைக்கும் பகுதி), ஸ்டீரியோ கோரஸ் (சத்தத்தைத் தடிப்பாக்கும் எஃபெக்ட்), மிடி (கருவிகள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) எல்லாம் உண்டு. 106-இல் இருக்கும் ஸ்லைடர் வரிசை மட்டும் இல்லை. ஒரு டயலையும் சில பொத்தான்களையும் வைத்துத்தான் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ஆளுக்கு ஆள் அலுத்துக்கொள்வது இதைத்தான், விலை இறங்கியதும் இதனால்தான். கம்ப்யூட்டரில் ஓடும் எடிட்டர் வழியாக சிஸ்எக்ஸ் (மிடியில் போகும் அமைப்பு டேட்டா) அனுப்பி மாற்றிக்கொண்டால் இந்தக் குறை தெரியாது. இதற்கென்றே ரோலண்ட் விற்ற பிஜி-300 பெட்டி அழகானது, ஆனால் அதன் விலைக்கு இன்னொரு சிந்தே வந்துவிடும்.

ஆல்ஃபா ஜூனோ-1இல் 49 கட்டை. அதன் கீபோர்டில் வெலாசிட்டி (அழுத்தும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறுவது) கிடையாது, ஆனால் வெளியிலிருந்து மிடியில் வரும் வெலாசிட்டியை ஏற்றுக்கொள்ளும். ஆல்ஃபா ஜூனோ-2இல் 61 கட்டை, வெலாசிட்டி உண்டு. இவற்றையே எச்எஸ்-10, எச்எஸ்-80 என்ற பெயரில் வீட்டு உபயோக வரிசையிலும் விற்றார்கள். 106-க்கும் அப்படி ஒரு உடன்பிறப்பு உண்டு: எச்எஸ்-60. உள்ளே அதே சர்க்யூட், மேலே ஸ்பீக்கர் சேர்த்தது. தேடுகிறவர்கள் ‘ஜூனோ’ என்றே தேடுவதால் ‘எச்எஸ்’ என்று விளம்பரம் செய்தவை சில சமயம் மலிவாகப் போகும்.

கேள்வி (பெரம்பூர்): காலேஜ் படிக்கிறேன் அண்ணா. கோர்க் பாலி-800 ஒண்ணு கைக்கு அடக்கமா வருது. 8 வாய்ஸ்னு போட்டிருக்கு, ஆனா ஃபில்டர் ஒண்ணுதான்னு ஃப்ரெண்ட் சொல்றான். அப்போ அது பாலியா இல்லையா?

பதில்: நண்பர் சொன்னது சரி தம்பி. எட்டு சுரங்களும் தனித்தனியாக உருவாகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி என்வலப்பும் (சுரம் எழுந்து அடங்கும் விதம்) உண்டு. ஆனால் எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே ஃபில்டர் வழியாகத்தான் வெளியே போகும். எட்டு பேர் பாடும் கோஷ்டிக்கு ஒரே மைக் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது கையில் ஒரு கார்டைப் பிடித்தபடி வலது கையில் புதிதாக ஒரு சுரத்தை அழுத்தினால், மல்டி ட்ரிகரில் இருக்கும்போது ஃபில்டர் என்வலப் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பிடித்திருந்த கார்டும் சேர்ந்து ‘வ்வா’ என்று திறக்கும். சிங்கிள் ட்ரிகரில் வைத்தால் அது நடக்காது, ஆனால் புதுச் சுரத்துக்கும் ஃபில்டர் அசையாது. இந்தக் குணத்தைத் தெரிந்துகொண்டு வாசித்தால் தொல்லை இல்லை. நிறைய பேர் கேட்காமலே வாங்கிவிட்டு ‘ரிப்பேர்’ என்று நினைத்துத் திருப்பி விற்கிறார்கள்.

‘டபுள்’ முறையில் சுரத்துக்கு இரண்டு டிசிஓ பேசும், அப்போது நாலு வாய்ஸ்தான். அலைவடிவமும் ஜூனோ மாதிரி இல்லை. 16, 8, 4, 2 அடி என்ற, ஒன்றுக்கொன்று ஓர் ஆக்டேவ் தள்ளிய நாலு சதுர அலைகளைக் கூட்டித்தான் எல்லாமே. ‘சா’ (ரம்பப் பல் வடிவ அலை) என்று அது காட்டுவது அந்தச் சதுரங்களைப் படிப்படியாக அடுக்கிய மாடிப்படி. அதனால் சத்தத்தில் கொஞ்சம் ஆர்கன் சாயல் இருக்கும்.

மாணவருக்கு இதில் பெரிய லாபம் ஒன்று உண்டு. இது 9 வோல்ட் டிசியில் ஓடும், ஆறு ‘சி’ அளவு பேட்டரியிலும் ஓடும். 100 வோல்ட்டா 230 வோல்ட்டா என்ற தலைவலியே கிடையாது. திறந்து வைத்து வேலை செய்தாலும் உள்ளே கரண்ட் அடிக்கும் இடம் இல்லை. 1983-இல் வந்தபோது அமெரிக்காவில் இதன் பட்டியல் விலை 795 டாலர். சத்தங்களைச் சேமித்துவைக்கும் பாலி சிந்த் 1,000 டாலருக்குக் கீழே வந்ததே அப்போது பெரிய செய்தி.

அடாப்டர் விஷயத்தில் மட்டும் கவனம். சாக்கெட் பக்கத்தில் வரைந்திருக்கும் பிளஸ், மைனஸ் படத்தைப் பாருங்கள். அடாப்டரை மல்டிமீட்டரில் அளந்த பிறகே செருகுங்கள். பழைய கனமான டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்களில் ‘9 வோல்ட்’ என்று எழுதியிருந்தாலும் லோடு இல்லாதபோது 12, 13 கூடக் காட்டும். ரெகுலேட் செய்த 9 வோல்ட், 1 ஆம்பியர் போதும். அந்த ‘சி’ பேட்டரிகளை வெறும் பயண வசதி என்று நினைத்துக் காலியாக விடாதீர்கள். முதல் பாலி-800 மெமரியைத் தாங்குவதே அவைதான். எடுத்து வைத்துவிட்டு அடாப்டரையும் பிடுங்கினால் சேமித்த 64 புரோகிராமும் போச்சு.

கேள்வி (கே.கே. நகர்): பாலி-800இல் குமிழே இல்லையே, ஃபில்டரை எப்படித் திருப்புறது?

பதில்: எண் 41 கட்டாஃப் (ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம்), எண் 42 ரெசொனன்ஸ் (அந்த இடத்தை எடுப்பாக்குவது). கட்டாஃப் 0 முதல் 99 வரை, ரெசொனன்ஸ் 0 முதல் 15 வரை. எண்ணை அழுத்தி, மேல் கீழ் பொத்தானால் மாற்றுங்கள். உள்ளே ஃபில்டர் சிப்பான என்ஜேஎம்2069-க்குப் போகும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தில் இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் (திருகும் குமிழ்) சேர்த்துப் பலகையில் துளை போட்டு வைத்துக்கொள்பவர்கள் உலகம் முழுக்க உண்டு. சோல்டர் பழகுகிறவருக்கு நல்ல முதல் வேலைதான். ஆனால் அந்தச் சிப்பை மட்டும் சுட்டுவிடாதீர்கள். உற்பத்தி நின்றுபோனது அது, கிடைப்பதெல்லாம் செத்த மெஷினிலிருந்து கழற்றியது.

கேள்வி (அம்பத்தூர்): டிசிஓன்னா டிஜிட்டல், விசிஓதான் அசல் அனலாக்னு ஒரு கடைக்காரர் சொன்னார். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஜூனோவின் டிசிஓவிலும் ஒரு கெபாசிட்டர் சார்ஜ் ஆகி, டிஸ்சார்ஜ் ஆகித்தான் அலை பிறக்கிறது. எப்போது டிஸ்சார்ஜ் ஆக வேண்டும் என்பதை மட்டும் படிகத்திலிருந்து எண்ணி வரும் டிஜிட்டல் கவுண்டர் சொல்கிறது. சுருதி டிஜிட்டல் துல்லியம், அலை அனலாக். விசிஓவில் (மின்னழுத்தம் சுருதியை மாற்றும் வகை) சுருதியையும் டிரான்சிஸ்டர்தான் தீர்மானிக்கிறது, டிரான்சிஸ்டர் சூட்டுக்கு மாறும்.

கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் விசிஓ உள்ள கோர்க் பாலிசிக்ஸைப் போட்டு, அரை மணிக்குப் பிறகு ஏசியை ஓட விட்டுப் பாருங்கள், வித்தியாசம் காதில் விழும். அந்த லேசான விலகல்தான் விசிஓவின் அழகு என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாஃப்ட்வேர் டிராக்கோடு சேர்த்து ரெக்கார்டு செய்கிறவருக்கு நம்ம ஊரில் டிசிஓவே நிம்மதி.

கேள்வி (நங்கநல்லூர், மேலும் மூவர்): ஜப்பானிலிருந்து வரும் 100 வோல்ட் மெஷினை இங்கே எப்படிப் போடுவது? வீட்டில் ஏற்கெனவே 110 வோல்ட் ஸ்டெப்-டவுன் இருக்கிறது. போதுமா?

பதில்: போதாது என்பதைவிட, கூடிப்போகும். கணக்கைப் பாருங்கள். 230-ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு விகிதம்தான். ராத்திரி தெருவில் லோடு குறைந்து லைனில் 250 வரும்போது அது கிட்டத்தட்ட 120 வோல்ட் கொடுக்கும். 100-க்குச் செய்த மெஷினுக்கு 20 சதவீதம் அதிகம். மெஷின் உடனே சாகாது, அதனால்தான் ‘ரெண்டு வருஷமா ஓடுது சார்’ என்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. 15 வோல்ட் ரெகுலேட்டருக்கு முன்னால் சாதாரணமாக 22 வோல்ட் இருக்கிறது என்று வையுங்கள். ரெகுலேட்டர் 7 வோல்ட்டைச் சூடாக்கி வீணாக்குகிறது. 20 சதவீதம் கூடினால் 26.4 வோல்ட், வீணாவது 11.4. சூடு ஒன்றரை மடங்குக்கு மேல். அந்தச் சூடு பக்கத்திலிருக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை உலர்த்தும், ஜூனோ-106 என்றால் வாய்ஸ் சிப்களையும் வேகவைக்கும்.

ஆகவே 230-க்கு 100 என்று சுற்றிய ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். ஆயத்தமாகக் கிடைக்காவிட்டால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றிக் கொடுப்பவரிடம் சொல்லிச் செய்துகொள்ளலாம். மெஷின் முதுகிலுள்ள லேபிளில் எத்தனை வாட் என்று பார்த்து அதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு விஏ (டிரான்ஸ்ஃபார்மர் தாங்கும் அளவு) சொல்லுங்கள். 30 வாட் என்றால் 75 அல்லது 100 விஏ. ‘ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்’ விலை குறைவு, ஆனால் அதில் இரண்டு சுற்றுகளும் ஒட்டியே இருக்கும். நியூட்ரல் அறுந்தால் முழு 230-உம் மெஷினுக்குள் வரும். டிராவல் கன்வெர்ட்டர் என்று கையடக்கமாக விற்பது அதைவிட மோசம். அலையை வெட்டிக் கொடுக்கிற சாதனம் அது, இஸ்திரிப் பெட்டிக்குத்தான் சரி. டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் ஒரு ஸ்டெபிலைசர் வைத்தால் மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்கலாம்.

50, 60 ஹெர்ட்ஸ் பற்றிக் கேட்டிருந்தவருக்கு: சுருதி மாறாது, அதைப் படிகம் பார்த்துக்கொள்கிறது. ஜப்பானிலேயே ஒரு பாதியில் 50, மறு பாதியில் 60 என்பதால் அங்கே விற்ற மெஷின் இரண்டையும் தாங்கும். அமெரிக்காவுக்கென 60 மட்டும் போட்டு வந்ததில் டிரான்ஸ்ஃபார்மர் இங்கே சற்றுக் கூடுதலாகச் சூடாகும், அவ்வளவுதான்.

கேள்வி (சாலிகிராமம்): ஜூனோ-106 ஒண்ணு பார்க்கப் போறேன். ‘சிப் போயிருக்கும் ஜாக்கிரதை’ன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. நேரில் எப்படிச் சோதிக்கிறது?

பதில்: பயப்பட வேண்டியதுதான், ஆனால் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் எது கெடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1984-இல் வந்த இந்த மெஷினில் வாய்ஸுக்கு ஒன்றாக ஆறு 80017ஏ சிப்கள். பார்க்கத்தான் ஒரு சிப், உண்மையில் அது சின்னஞ்சிறு பாகங்கள் ஒட்டிய குட்டிப் பலகை. ஜூனோ-60இல் தனித்தனியாக இருந்த ஃபில்டர், விசிஏ (சத்த அளவைக் கட்டுப்படுத்துவது) ஐசிக்களைச் சுருக்கி அதில் அடக்கி, மேலே கறுப்பு எபாக்சி பிசின் பூசிவிட்டார்கள். வருடங்கள் போகப் போக, ஈரமும் சேர, அந்தப் பூச்சே லேசாக மின்சாரம் கடத்த ஆரம்பிக்கிறது. உள்ளே மிக நுண்ணிய கட்டுப்பாட்டு மின்னோட்டங்கள் என்பதால் அந்தச் சிறு கசிவே போதும், வாய்ஸ் கெட்டுவிடும். ஐசி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், பூச்சுதான் எதிரி. இவை தவிர அலையை உருவாக்கும் எம்சி5534ஏ சிப்கள் மூன்று, இரண்டு வாய்ஸுக்கு ஒன்று. அவையும் போகலாம், ஆனால் 80017ஏ அளவுக்கு இல்லை.

இப்போது சோதனை. மெஷினை அணைத்துவிட்டு, கீ ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்யுங்கள். டெஸ்ட் மோடு வரும். இனி ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் பேசுவது எத்தனையாவது வாய்ஸ் என்று டிஸ்ப்ளே காட்டும். கோரஸை அணையுங்கள். கோரஸ் பல பாவங்களை மறைக்கும், விற்பவர் வீடியோ அனுப்பினால் கோரஸ் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். ஒரே கட்டையை ஆறு முறை விட்டு விட்டு அழுத்தி, 1 முதல் 6 வரை எல்லாம் ஒரே சத்தத்தில், ஒரே நிறத்தில் வருகிறதா என்று கேளுங்கள். ஒன்று மௌனம், ஒன்று கரகரப்பு, ஒன்று விரலை எடுத்த பிறகும் ‘ம்ம்ம்’ என்று இழுப்பது, ஒன்றில் ஃபில்டர் மூடாமல் பளிச்சென்று கேட்பது, இவை நாலும் 80017ஏ நோயின் முகங்கள்.

மௌனமான வாய்ஸில் எந்தச் சிப் குற்றவாளி என்று பிரிக்க வழி: டெஸ்ட் மோடிலிருந்து வெளியே வந்து, டிசிஓ அலைகள், சப், நாய்ஸ் எல்லாவற்றையும் நிறுத்தி, ரெசொனன்ஸை முழுதாக ஏற்றி, கட்டாஃபை நடுவில் வையுங்கள். நல்ல 80017ஏ தானாகவே விசில் அடிக்கும். விசில் வந்து, டிசிஓ போட்டால் மட்டும் சத்தம் இல்லை என்றால் சந்தேகம் எம்சி5534ஏ மேல். விசிலும் இல்லை என்றால் 80017ஏ.

கடைசியாக, அரை மணி நேரம் ஆன் செய்து வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து பாருங்கள். சில சிப்கள் குளிரில் கெட்டு, சூடானதும் ஒழுங்காகும். சில நேர்மாறு. நீங்கள் வருவதற்கு முன்பே மெஷின் ஆன் செய்து சூடாக இருந்தால் அணைத்து ஆறவிடச் சொல்லுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கேள்வி (அதே நபர்): அசிட்டோனில் ஊறப் போட்டால் சிப் உயிர் பெறுமாமே?

பதில்: ஆமாம், நிறைய வேளைகளில். கழற்றுவதுதான் கடினம், ஊறவைப்பது சுலபம். 80017ஏ ஒரே வரிசைக் கால்கள் கொண்டது. ஒவ்வொரு காலிலும் முதலில் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, பிறகு சோல்டர் சக்கரால் (ஈயம் உறிஞ்சும் கருவி) இழுங்கள், மிச்சத்தைச் செப்புப் பின்னலால் ஒற்றுங்கள். கால் துளைக்குள் தளர்வாக ஆடும் வரை சிப்பை இழுக்கவே கூடாது. இழுத்தால் தடம் உரிந்து வரும். எத்தனையாவது வாய்ஸிலிருந்து எடுத்தது, எந்தப் பக்கம் முதல் கால் என்று எழுதி வையுங்கள்.

அசிட்டோன் சுத்தமானதாக இருக்க வேண்டும். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது உதவாது. பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடைகளில் கேளுங்கள். மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலில் சிப் முழுகும்படி ஊற்றி ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை வையுங்கள். பூச்சு வீங்கி, தோல் மாதிரி கழன்று வரும். மிச்சத்தைப் பல்குச்சியால் மெல்லத் தள்ளுங்கள். ஸ்க்ரூட்ரைவர் வேண்டாம், அரிசியைவிடச் சிறிய கெபாசிட்டர்கள் தெறித்துவிடும். வராத இடத்தை வற்புறுத்தாமல் மறுபடி ஊறப் போடுங்கள். பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் அலசி, ஒரு நாள் காயவிடுங்கள். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். சமையலறையிலோ பூஜை விளக்குப் பக்கத்திலோ இந்த வேலை ஆகாது.

திரும்ப வைக்கும்போது நேராகச் சோல்டர் செய்யாமல் ஒற்றை வரிசைச் சாக்கெட் போடுங்கள். நாளைக்கு மறுபடி கெட்டால் கைவலி மிச்சம். ஒன்று போனால் மற்ற ஐந்தும் அதே வயது என்பதால் ஆறையும் ஒரே மூச்சில் உரித்துவிடுவது என் யோசனை. உரித்தும் எழாத சிப்புக்கு, புதிதாகத் தயாரிக்கும் நகல்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. எப்படிச் செய்தாலும் பிறகு ஒவ்வொரு வாய்ஸின் ட்ரிம்மர்களையும் (பலகையில் திருகிச் சரிசெய்யும் குட்டிப் பாகங்கள்) சர்வீஸ் மேனுவலைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டு ‘சிப் மாத்தியும் சத்தம் சமமா இல்லை’ என்று வருத்தப்படுகிறவர்கள்தான் அதிகம். ட்ரிம்மரைத் தொடுவதற்கு முன் பவர் சப்ளையில் பிளஸ் 15, மைனஸ் 15, பிளஸ் 5 சரியாக இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். அது தவறாக இருந்தால் மேலே செய்வதெல்லாம் வீண்.

கேள்வி (குரோம்பேட்டை): ஜூனோ-106இல் ஸ்டோர் பண்ணின சத்தமெல்லாம் ஆஃப் பண்ணினால் குழம்பிப்போகுது.

பதில்: உள்ளேயிருக்கும் சிஆர்2032 தீர்ந்திருக்கும். 3 வோல்ட் செல். 2.7-க்குக் கீழே வந்திருந்தால் மாற்றுங்கள். பலகையில் நேராகச் சோல்டர் செய்திருப்பார்கள். செல்லின் மேலேயே சோல்டர் இரும்பை வைக்காதீர்கள், வெடிக்கலாம். காதுள்ள செல்லைக் கழற்றிவிட்டு ஒரு ஹோல்டர் போடுங்கள். ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் உண்டு. மாற்றும் முன் 128 சத்தங்களையும் டேப் வழியாகப் பிரதி எடுத்துவிடுங்கள். வேண்டிய சில சத்தங்கள் மட்டும் போதும் என்றால், பின்னாலுள்ள மிடி ஃபங்ஷன் சுவிட்சை மூன்றாம் நிலையில் வைத்து ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரில் சிஸ்எக்ஸாகப் பதிந்துகொள்ளலாம்.

கேள்வி (குரோம்பேட்டை, தொடர்ச்சி): டேப் ரெக்கார்டர் இல்லையே, மொபைலிலிருந்து லோடு பண்ணலாமா? ஃப்ரெண்ட் வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்பினான், ஏத்தவே மாட்டேங்குது.

பதில்: வாட்ஸ்அப்பில் ஆடியோவாக வந்ததுதான் கோளாறு. அதைச் சுருக்கி அனுப்பியிருக்கும். மனிதக் காதுக்கு வித்தியாசம் தெரியாது, டேட்டாவைப் படிக்கிற மெஷினுக்குத் தெரியும். எம்பி3-உம் வேண்டாம். சுருக்காத வேவ் ஃபைலை டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் வாங்குங்கள். மொபைலில் ஈக்வலைசர், டால்பி போன்றவற்றை அணைத்து, ஏரோபிளேன் மோடு போட்டு, வால்யூமை முக்கால் அளவிலிருந்து தொடங்கி மேலே போங்கள். நடுவில் ஒரு நோட்டிஃபிகேஷன் ‘டிங்’ என்றால் மறுபடி முதலிலிருந்துதான். மெஷினின் பின்புறமுள்ள மெமரி புரொடெக்ட் சுவிட்ச் ஆஃபில் இருக்க வேண்டும். பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

கேள்வி (மயிலாப்பூர்): பாலிசிக்ஸ் ஒன்று மலிவாகச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: உள்ளே திறந்து கேஎல்எம்-367 பலகையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படம் வராமல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். 1981-இல் வந்த இதில் மெமரிக்காக 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியை அந்தப் பலகையிலேயே பொருத்தியிருக்கிறார்கள். வயதானதும் அது கசியும். கசிவது காரம், செப்புத் தடத்தைத் தின்றுகொண்டே சிபியூ வரை போகும். பச்சையும் நீலமுமாகப் பூத்திருந்தால் அதுதான். லேசான கசிவு என்றால், பேட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, வெள்ளை வினிகரைப் பிரஷ்ஷால் தடவி நுரை அடங்கவிட்டு, டிஸ்டில்டு வாட்டரிலும் பிறகு ஐசோபுரொபைலிலும் கழுவி, அறுந்த தடங்களுக்கு மெல்லிய ஒயர் போட்டு மீட்கலாம். தடம் தடமாகப் போயிருந்தால் மலிவு விலை மலிவே அல்ல.

புது பேட்டரியாக லித்தியம் செல் போடுவதானால் ஒரு டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் பாகம்) சேர்க்காமல் போடவே கூடாது. அந்த சர்க்யூட் பேட்டரியை சார்ஜ் செய்யும்படி அமைந்தது. சார்ஜ் ஏற்றக்கூடாத லித்தியத்தில் சார்ஜ் ஏறினால் வெடிக்கும். நல்ல பலகை உள்ள பாலிசிக்ஸ் என்றால், இந்தப் பட்டியலில் சத்தத்துக்கு அதுதான் ராஜா. எஸ்எஸ்எம்2044 ஃபில்டர் ஆறு, அந்த ‘என்செம்பிள்’ எஃபெக்ட், போதும். மிடி கிடையாது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

கேள்வி (திருவான்மியூர்): கடலோரத்து வீடு. பழைய சிந்த்தை எப்படிப் பாதுகாப்பது? என் மாமியார் பீரோவில் போடுகிற மாதிரி பாச்சை உருண்டை போடச் சொல்கிறார்.

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் மேடம், பட்டுப் புடவைக்குச் சரி, இதற்கு ஆகாது. நாப்தலீன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை மென்மையாக்கிவிடும்.

உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து முதலில் தாக்குவது சின்ன பொத்தான் சுவிட்சுகள், ஐசி சாக்கெட்டுகள், ரிப்பன் கனெக்டர்கள். கட்டைகளுக்கு அடியில் ரப்பர் காண்டாக்ட் உள்ள மெஷின்களில் சில சுரங்கள் விட்டு விட்டுப் பேசும். அதற்குப் பலகையின் பக்கத்தை ஐசோபுரொபைலில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். ரப்பரிலுள்ள கரிப் பூச்சை அழுத்தித் தேய்த்தால் கையோடு வந்துவிடும்.

வாரத்தில் இரண்டு முறையாவது ஒரு மணி நேரம் ஆன் செய்து வையுங்கள், உள்ளே வரும் சூடே ஈரத்தை விரட்டும். அணைத்து ஆறிய பிறகு துணி உறை போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைக்கும். பெட்டிக்குள் வைப்பதானால் நிறம் மாறும் சிலிகா ஜெல் அரைக் கிலோ. நிறம் மாறியதும் வாணலியில் மெல்லிய தீயில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் அந்த வாணலியில் பிறகு சமைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஜன்னல் பக்கச் சுவரில் சாய்த்து வைக்கவே கூடாது. பின்புற ஜாக் துளைகளில் எறும்பும் பல்லியும் புகும். டம்மி பிளக் செருகி அடைத்துவிடுங்கள்.

கேள்வி (போரூர்): ஸ்லைடரைத் தள்ளும்போது கரகரன்னு சத்தம். சாதாரண ஸ்ப்ரே அடிக்கலாமா?

பதில்: கதவுக் கீலுக்கு அடிக்கிற ஸ்ப்ரே கூடாது. எலக்ட்ரானிக் காண்டாக்ட் கிளீனர்கூட அடித்துவிட்டு அப்படியே விட்டால் ஸ்லைடரின் பழைய கிரீஸைக் கரைத்துவிடும், பிறகு வறவற என்று ஓடும். கிளீனர் கொஞ்சம், இருபது தடவை மேலும் கீழும், காய்ந்ததும் ஃபேடர் லூப்ரிகண்ட் ஒரு சொட்டு.

கேள்வி (மேற்கு மாம்பலம்): நான் பாட்டுக் கற்றுக்கொடுக்கிறேன். அனலாக் சிந்த்தில் தம்புரா மாதிரி சுருதி போட்டுக்கொள்ள முடியுமா?

பதில்: பாலி-800 இதற்கு எதிர்பாராமல் பொருந்தும். அதில் ஹோல்டு பொத்தான் இருக்கிறது, விரலை எடுத்தாலும் சுரங்கள் நிற்கும். டபுள் முறையில் நாலு வாய்ஸ், நமக்கும் வேண்டியது நாலுதான்: பஞ்சமம், மேல் ஷட்ஜம் இரண்டு, கீழ் ஷட்ஜம். மேல் ஷட்ஜம் இரண்டுக்கு ஒரே கட்டை போதாது என்பதால் ஒன்றை இன்னொரு ஆக்டேவில் வையுங்கள். டீட்யூன் (இரண்டு டிசிஓவுக்கும் இடையே சிறு சுருதி விலகல்) 1, கட்டாஃபை முப்பதுக்குக் கீழே தொடங்கி, ரெசொனன்ஸ் 5 அளவில், மாடுலேஷனை (தானாக வரும் அசைவை) மிக மெதுவாக ஃபில்டருக்கு மட்டும் கொடுங்கள். முன்னே குறையாகச் சொன்ன அந்த ஒற்றை ஃபில்டர் இங்கே குணமாகிறது. நாலு சுரமும் ஒன்றாகத் திறந்து மூடும்.

1 கட்டைக்கு சி, 5½ கட்டைக்கு ஜி ஷார்ப். இடைப்பட்ட சுருதிக்கு ட்யூன் குமிழ். ஆனால் உங்கள் காதுக்கு ஒன்று உறுத்தும். கீபோர்டின் பஞ்சமம் 700 சென்ட் (ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே 100 சென்ட்), சுத்தப் பஞ்சமம் 702. 1 கட்டையில் நடு ஷட்ஜத்தோடு அதற்கு மேலுள்ள பஞ்சமத்தைப் பிடித்தால் நொடிக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவாக ஓர் அசைவு கேட்கும். தூக்கத்தில் ஆடும் தொட்டில் மாதிரிதான், தொந்தரவில்லை. அந்தர காந்தாரத்தைச் சேர்த்துவிடாதீர்கள். அங்கே விலகல் 14 சென்ட், மாணவர்களின் காது கெட்டுவிடும். தம்புராவின் ஜீவா, அந்த நூல் வைத்த ரீங்காரம், இதில் வராது.

கேள்வி (ராயபுரம்): லைட் மியூசிக் கச்சேரிக்கு ஜூனோ-106 எடுத்துட்டுப் போகலாமா அண்ணே?

பதில்: வேண்டாம். வெலாசிட்டி இல்லை, ஸ்ப்ளிட் (கீபோர்டைப் பிரித்து இரண்டு சத்தம் வைப்பது) இல்லை, வீணையும் ஷெனாயும் வராது. ஜெனரேட்டர் கரண்டில் ஓட்டினால் மெஷினும் உங்களோடு வீட்டுக்குத் திரும்பாது. ஒரு பேட் (பின்னணியில் நீளும் சத்தம்), ஒரு பேஸ் வேண்டுமென்றால் சத்தத்தைச் சாம்பிள் எடுத்து மேடைக் கீபோர்டில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): லேப்டாப்போடு இணைத்தால் ‘ங்ங்’ என்று இரைச்சல். சார்ஜரைப் பிடுங்கினால் போய்விடுகிறது.

பதில்: கிரவுண்டு லூப், அதாவது எர்த் இரண்டு வழியாகச் சுற்றுவது. மிடி கேபிள் காரணம் அல்ல, அதன் உள்வாயிலில் ஆப்டோ கப்ளர் (ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் பாகம்) இருப்பதால் இரு பக்கமும் மின்னால் பிரிந்தே இருக்கும். ஆடியோ வழிதான். ஆடியோ இன்டர்ஃபேஸ், லேப்டாப், சிந்த்தின் டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் ஒரே எர்த் உள்ள பவர் ஸ்ட்ரிப்பில் போடுங்கள். போகாவிட்டால் ஆடியோ லைனில் 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி. எர்த் பின்னை வெட்டி இரைச்சலைப் போக்குகிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

கேள்வி (அடையாறு): வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸில் கணக்கு எப்படி?

பதில்: பொருளின் விலைக்கு மட்டும் என்று நினைத்துப் பட்ஜெட் போடாதீர்கள். விலை, கப்பல் அல்லது விமானக் கூலி, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கூட்டித்தான் மதிப்பு. அதன்மேல் சுங்கவரி, இரண்டும் சேர்ந்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி. கூலிக்கும் வரி வருவதால்தான் 61 கட்டை மெஷினைவிட ஒரு யூனிட் உயர ரேக்கான எம்கேஎஸ்-50 இரட்டை லாபம். அனுப்புகிறவரிடம் கட்டைகளுக்கு மேல் ஒரு நுரை அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். வழியில் உடைவது முக்காலும் கட்டைகளும் ஸ்லைடர் தலைகளும்தான்.

கேள்வி (முகப்பேர்): இவ்வளவு தொல்லைக்குப் புதுசாவே ஒண்ணு வாங்கிடலாமே?

பதில்: வாங்கலாம். 2016-இல் வந்த கோர்க் மினிலாக் நாலு வாய்ஸ் முழு அனலாக். அதே ஆண்டின் பெரிங்கர் டீப்மைண்ட் 12, ஜூனோவின் சாயலில் பன்னிரண்டு வாய்ஸ். சோல்டர் இரும்பைத் தொட விருப்பமில்லாதவருக்கு அதுவே சரி. பழையதுதான் வேண்டும் என்றால் மெஷின் விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்குள் தேடுங்கள். அந்தப் பாதி டிரான்ஸ்ஃபார்மருக்கும் முதல் ரிப்பேருக்கும்.